மிட்வைவ் மிஸ் பதில்கள்: ஒரு டியூப், ஆறு பிள்ளைகள்

வீட்டில் அயலவர் பிள்ளைகளை வைத்துப் பார்ப்பவர்கள் எழுதுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி வெயிலைப் பற்றித்தான். சித்திரை நெருங்குகிறதல்லவா, நியாயம்தான். சளி, இருமல் பற்றி எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம், மழைக்காலம் வரட்டும்.

கல்லடியில் என் வீட்டில் ஆறு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன். மூத்தவருக்கு நாலு வயது, கடைக்குட்டிக்கு எட்டு மாதம். புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையின் தாய் சன்ஸ்கிரீன் டியூப் ஒன்றைத் தந்து, "ஒவ்வொரு நாளும் பூசிவிடுங்கள் அக்கா" என்கிறார். மற்றத் தாய்மார் அப்படி ஒன்றும் தரவில்லை. ஒன்றுக்குப் பூசி மற்றதுகளைச் சும்மா விட மனம் கேட்கவில்லை. என் காசில் வாங்கிப் பூசவா, மிஸ்? (கல்லடி)

வாங்க வேண்டாம், தங்கச்சி. முதலில் ஒரு கணக்குப் போடுவோம்.

டியூபில் எஸ்.பி.எப். 30 என்று போட்டிருக்கிறதே, அது தோலில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்து எடுத்த எண். நாம் பூசுவது போல மெல்லிசாகத் தடவினால் அந்தப் பாதுகாப்பில் பாதிகூடக் கிடைக்காது. மூன்று வயதுப் பிள்ளை ஒன்றுக்கு முகம், கழுத்து, இரண்டு கை, இரண்டு கால் என்று சரியான அளவில் பூசினால் 6 கிராம் போகும், ஒரு தேக்கரண்டிக்கும் சற்று மேல். ஆறு பிள்ளைக்கு 36 கிராம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும் என்பதால் காலையில் மட்டும் 72 கிராம். உங்களுக்குத் தந்த டியூப் 50 கிராமாக இருந்தால் ஒரு பகலுக்கே காணாது. மாதம் முழுக்க அப்படிப் பூசினால் நீங்கள் வாங்கும் பராமரிப்புக் காசு முழுக்கக் கடைக்காரருக்குத்தான்.

அந்தத் தாய் கேட்டதில் பிழை இல்லை. ஆனால் க்ரீம் கடைசியில் வர வேண்டிய சாமான். அதற்கு முன்னால் செய்ய மூன்று வேலை இருக்கிறது, அவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை.

முதல் வேலை, நேரத்தை மாற்றுவது. என் மருமகளும் உங்களைப் போல எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து பிள்ளைகளைப் பார்க்கிறாள். வளவின் நடுவில் ஒரு தடி நட்டிருக்கிறாள், நாலு வயதுப் பையனின் உயரத்துக்கு. தடியைவிட நிழல் நீளமாக இருந்தால் வெளியே விளையாடலாம், குட்டையானால் உள்ளே ஓட வேண்டும். கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளைகள் நிழலைப் பார்த்துவிட்டு "அன்ரி, கட்டையாப் போச்சு!" என்று கத்திக்கொண்டு தாங்களே உள்ளே வருவார்கள். அவள் விட்ட ஒரே பிழை, அவசரத்துக்கு முருங்கைத் தடியை நட்டது. போன மாரியில் அது துளிர்த்துவிட்டது. இப்போது வேறு தடி.

பத்து மணிக்குப் பிறகு வெயில் ஆகாது என்று பலரும் சொல்வார்கள். நம்முடைய ஊரில் பத்து மணி பிந்திப் போச்சு. சித்திரையில், அதாவது ஏப்ரல் 5ஆம் திகதிக்கும் 15ஆம் திகதிக்கும் இடையில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கும், ஆவணிக் (ஓகஸ்ட்) கடைசியில் திரும்ப ஒரு தடவை வரும். அந்த நாட்களில் மட்டக்களப்பில் ஒன்பது மணிக்கே நிழல் ஆளைவிடக் குட்டையாகிவிடும். திரும்ப நீள பின்னேரம் மூன்று மணியாகும். மார்கழியில்கூடப் பத்துக்குக் கொஞ்சம் முன்பிருந்து இரண்டேகால் வரை குட்டை நிழல்தான். வெளி விளையாட்டை ஏழு மணியிலிருந்து ஒன்பதுக்குள் வையுங்கள், பிறகு நாலு மணிக்கு மேல். தாய்மார் எட்டரைக்குத்தான் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள் என்றால் காலை விளையாட்டு அரை மணிதான். பரவாயில்லை.

மப்பு மந்தாரமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மெல்லிய முகில் சூட்டைக் குறைக்கும், புற ஊதாக் கதிரை அவ்வளவு குறைக்காது. அந்தக் கதிருக்குச் சுட்டெண் என்று ஓர் அளவு இருக்கிறது. 3 வந்தாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பக்கத்து உச்சி வெயிலில் அது 11ஐத் தாண்டுவது சாதாரண விசயம்.

இரண்டாவது நிழல். கல்லடி என்கிறீர்கள், வளவு வெள்ளை மணலாக இருக்கும். காய்ந்த கடல் மணல் தன் மேல் விழும் புற ஊதாக் கதிரில் கிட்டத்தட்ட 15 வீதத்தைத் திருப்பி அனுப்பும். தொப்பி போட்ட பிள்ளைக்கும் கீழேயிருந்து முகத்தில் அடிக்கும் என்று அர்த்தம். புல் அப்படித் திருப்பாது. அதனால் விளையாடும் இடத்தைப் புல் உள்ள பக்கமோ, சாணி மெழுகிய முற்றமோ பார்த்து மாற்றுங்கள். தென்னையின் கீழ் பாய் விரித்து "நிழல்தானே" என்று இருக்கிறவர்களுக்கு: தென்னையோலைக்குள்ளால் வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது, தேங்காயும் விழும். வேம்பு, மா, பூவரசு இருந்தால் அதன் அடியில் போங்கள்.

மரம் இல்லாவிட்டால் பந்தல். தகரம் போட்டால் பத்து மணிக்கு அடியில் நிற்க ஏலாது. சுனாமிக்குப் பிறகு படங்குக் கொட்டில்களில் கிளினிக் நடத்தினேன், நீலப் படங்கின் கீழே கைக்குழந்தைகள் வியர்த்து வழிந்ததை இன்னும் மறக்கவில்லை. படங்கு வெயிலை மறைக்கும், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிடுகுதான் நல்லது. ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கமாக வேயுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள், காற்று ஓட வேண்டும்.

எங்கே போடுவது என்று கேட்பீர்கள். சித்திரை நடுவிலிருந்து ஆவணிக் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆகவே அந்த மாதங்களில் மத்தியான நிழல் வீட்டின் தெற்குப் பக்கத்தில் விழும். அதுவும் கொஞ்சம்தான், ஆனி மாதத்தில் பத்தடிச் சுவருக்கு மூன்றடி நிழல்கூட வராது. வடக்கு வாசல் விறாந்தை என்றால் அந்தப் பக்கம் கிடுகுத் தட்டி ஒன்று இறக்குங்கள்.

மூன்றாவது துணி. சேட்டுக்குக் கை நீளமாக இருக்கட்டும், காற்சட்டை முழங்காலுக்குக் கீழே வரட்டும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், விரல் தெரிந்தால் வெயிலும் உள்ளே போகும். மருதமுனைக் கைத்தறியில் நெருக்கமாக நெய்த சாரம் ஒன்று பழசாக இருந்தால் வெட்டிப் பிள்ளைகளுக்கு இரண்டு சட்டை தைக்கலாம். மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்தால் பாதுகாப்பு இன்னும் குறையும் என்பதால் தண்ணீர் விளையாட்டுக்கு அது சரிவராது. தொப்பிக்குச் சுற்றிவர மூன்று அங்குல விளிம்பு வேண்டும். கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் வெயிலுக்குக் கொடுத்துவிடும். சின்னப் பிள்ளையின் தொப்பியில் கழுத்துக் கயிறு வேண்டாம், ஊஞ்சலிலோ கதவிலோ மாட்டும்.

இவ்வளவும் செய்தால் மிச்சம் என்ன? முகம், காது, கழுத்து, புறங்கை, கால் மேற்பக்கம். அதற்கு அரைத் தேக்கரண்டி போதும், அந்தத் தாய் தந்த டியூபும் நாள் கணக்கில் வரும். அதை அவருடைய பிள்ளைக்கு மட்டும் பூசுங்கள். டியூபில் பிள்ளையின் பெயரை எழுதி ஒட்டுங்கள். பூசச் சொன்னதை ஒரு கொப்பியில் தாயின் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, மறுநாள் கடி, தடிப்பு இல்லையென்றால் தொடருங்கள். வெளியே போக இருபது நிமிடத்துக்கு முன் பூச வேண்டும். விரல் சூப்புகிற பிள்ளையின் கைக்குப் பூச வேண்டாம். ஒரு பிள்ளைக்குப் பூசிய கையைக் கழுவாமல் அடுத்த பிள்ளையைத் தொட வேண்டாம். டியூபை வெயில் விழும் ஜன்னலில் வைத்தால் தண்ணீராகப் பிரிந்துவிடும், பிறகு எறிய வேண்டியதுதான்.

மற்றத் தாய்மார் கேட்டால் வாங்கித் தரச் சொல்லுங்கள். யூ.வி.ஏ., யூ.வி.பி. என்ற இரண்டு வகைப் புற ஊதாக் கதிரையும் தடுப்பது, எஸ்.பி.எப். 30 போதும். 30 என்பது யூ.வி.பி.யில் 97 வீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98. அந்த ஒரு வீதத்துக்காக விலையைக் கூட்ட வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குச் சிங்க் ஒக்சைட் உள்ளது நல்லது, எரிச்சல் குறைவு. வெள்ளையாகப் படியும், கூத்துக்கு ஒப்பனை போட்ட மாதிரி இருக்கும், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஸ்பிரே வகை வேண்டாம், பிள்ளை மூச்சில் இழுத்துவிடும்.

எட்டு மாதக் கடைக்குட்டியை நேர் வெயிலுக்கே கொண்டுபோகாதீர்கள். ஆறு மாதத்துக்குக் கீழ் ஒரு பிள்ளையை எடுத்தீர்களானால் அதற்கு க்ரீமும் வேண்டாம், நிழலும் துணியும்தான்.

எங்கள் பிள்ளைகள் கறுப்பு. வெள்ளைக்காரருக்குத்தான் வெயில் சுடும், நமக்கு எதற்கு இந்தத் தொப்பியும் க்ரீமும் என்று மாமி சொல்கிறா. உண்மையா? (களுவாஞ்சிகுடி)

பாதி உண்மை. கறுத்த தோலில் இருக்கும் மெலனின் கொஞ்சம் குடை பிடிக்கும். தோல் புற்றுநோய் நமக்கு வெள்ளையரைவிட மிகவும் குறைவு. மாமி சொன்னதை முழுக்கத் தள்ள வேண்டாம்.

மிச்சப் பாதிக்கு என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். என் பேரனுக்கு அப்போது நாலு வயது. பாசிக்குடாவுக்குப் போனோம். அங்கே கடல் எவ்வளவு தூரம் போனாலும் இடுப்பளவுதான், பிள்ளை மூழ்காது என்ற நிம்மதியில் சேட்டைக் கழற்றிவிட்டு இறக்கினேன். பத்தரைக்கு இறங்கியவன் சாப்பாட்டுக்குத்தான் ஏறினான். தண்ணீருக்குள்தானே நிற்கிறான், குளிர்ச்சிதானே என்று நான் கரையில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தேன். அரை மீற்றர் ஆழத்திலும் மேற்பரப்பில் விழும் புற ஊதாக் கதிரில் 40 வீதம் இருக்கும் என்பது முப்பது வருடம் சுகாதாரச் சேவையில் இருந்த எனக்கு அன்றைக்குத் தெரியாது.

இரவு அவன் படுக்கவில்லை. முதுகைப் பாயில் வைத்தவுடன் அலறினான். காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டேன், நெற்றி சாதாரணம். முதுகைத் தொட்டேன், தோசைக்கல். சிவப்பு ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் கூடக் கறுத்து, மினுங்கிக்கொண்டு, தொட்டால் இறுகின மாதிரி. வெள்ளைத் தோல் சிவந்து காட்டும், நம்முடைய தோல் காட்டாது. அதனால்தான் நாம் பிந்திக் கண்டுபிடிக்கிறோம். நாலாம் நாள் முதுகு உரிந்தது.

அப்படி நடந்தால் குளிர் தண்ணீரில் நனைத்த துணி, நிறையக் குடிக்கக் கொடுப்பது, நோவுக்கு நிறைக்கு ஏற்ற அளவில் பனடோல் சிறப். ஐஸ் நேராக வைக்க வேண்டாம், பற்பசை பூச வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால், காய்ச்சல் வந்தால், பிள்ளைக்கு ஒரு வயதுக்குள் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மாமிக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். மீன்பிடிக்குப் போகிற பெரியவர்களின் கண்ணில், வெள்ளை விழியிலிருந்து கருவிழிக்கு ஒரு சதை ஏறி நிற்பதை அவரே பார்த்திருப்பார். வெயிலில் வருடக்கணக்கில் நின்ற கண்ணுக்கு அது வரும். தோல் கறுப்பென்று கண் தப்பாது. தொப்பி அதற்கும்தான். திருவிழாக் கடையில் விற்கும் கறுப்புக் கண்ணாடி விளையாட்டுச் சாமான், வெயிலுக்குப் போட அல்ல.

பிறந்து பன்னிரண்டு நாள் பிள்ளைக்குக் கொஞ்சம் மஞ்சள் இருக்கிறது. காலை இளவெயிலில் வெறும் மேலோடு வைக்கச் சொல்லி உம்மா சொல்றாங்க. எவ்வளவு நேரம் வைக்கலாம் மிஸ்? (காத்தான்குடி)

நேரத்தைக் கேட்காதீர்கள், மகள். நிறத்தைப் பாருங்கள். பிள்ளையை வெளிச்சமான ஜன்னலருகே வைத்து, நெற்றித் தோலை விரலால் மெல்ல அமத்தி எடுத்துப் பாருங்கள். பிறகு நெஞ்சு, வயிறு, கால். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கியிருந்தால், பிள்ளை பால் குடிக்காமல் நித்திரையாகவே கிடந்தால், மலம் வெளிறிப்போய்ச் சலம் கடும் மஞ்சளாகப் போனால், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இவை ஒன்றும் இல்லாமலே பதினாலு நாள் தாண்டியும் மஞ்சள் நின்றால் அதுவும் காட்ட வேண்டியதுதான். உங்களுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது, இது மற்ற வாசகிகளுக்கு.

ஆஸ்பத்திரியில் லைட்டின் கீழ் வைக்கிறார்களே, அது நீல வெளிச்சம். கண்ணைக் கட்டி, சூட்டை அளந்து, இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்வது. முற்றத்து வெயில் அந்த வேலையைச் செய்யாது, பிள்ளையின் மெல்லிய தோலைச் சுடும், இல்லாவிட்டால் காலைக் காற்றில் உடம்பு குளிர்ந்துபோகும். பெரிய ஆபத்து வேறு: வெயிலில் வைக்கிறோமே, சரியாகிவிடும் என்று வீட்டில் இருந்து நாட்களைப் போக்குவது. அப்படிப் பிந்தி வந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

உம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவ பிள்ளையைத் துணியோடு மடியில் வைத்து விறாந்தை வெளிச்சத்தில் இருக்கட்டும். நீங்கள் பாலை அடிக்கடி கொடுங்கள், மஞ்சள் மலத்தோடுதான் வெளியே போகும்.

பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெய் பூசி வெயிலுக்கு விடலாமா? சந்தனம்? (வாழைச்சேனை)

தேங்காய் எண்ணெய் குளிப்பாட்டப் பூசலாம், வெயிலைத் தடுக்காது. சந்தனமும் தடுக்காது.

அக்கரைப்பற்றில் வீட்டில் நாலு பிள்ளைகளைப் பார்க்கிறேன். போன கிழமை மூன்று வயதுப் பெண்பிள்ளையின் முழங்கையிலும் கழுத்திலும் கோடு கோடாகக் கறுப்பு அடையாளம் வந்தது, ஒரு இடத்தில் கொப்புளமும். கை விரல் பட்ட மாதிரி இருக்கிறது. நான் அடித்தேன், அல்லது சூடு வைத்தேன் என்று தகப்பன் வந்து சத்தம் போட்டார். வல்லாஹி, நான் கை நீட்டவே இல்லை. பிள்ளை முதல்நாள் என்னோடு தேசிக்காய் பிழிந்தது, பிறகு முற்றத்தில் விளையாடியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. (அக்கரைப்பற்று)

அந்தத் தேசிக்காய்தான்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், கடைசி வரியை நீங்கள் சும்மா எழுதியிருக்கிறீர்கள், விடை அதில்தான் இருக்கிறது. தேசிக்காயின் தோலிலும் சாற்றிலும் ஒரு பொருள் உண்டு. அது தோலில் பட்டு, அந்த இடத்தில் வெயிலும் பட்டால் தோல் வேகும். வெயில் படாவிட்டால் ஒன்றுமில்லை, கழுவிவிட்டாலும் ஒன்றுமில்லை. உடனே தெரியாது என்பதுதான் இதில் உள்ள கள்ளத்தனம். ஒரு நாள், இரண்டு நாள் கழித்துச் சிவந்து அல்லது கொப்பளித்து, பிறகு கறுப்புக் கோடாகிவிடும். சாறு வழிந்த வழியில் கோடு, சாறு பட்ட கையால் பெரியவர்கள் பிடித்த இடத்தில் விரல் அடையாளம். நீங்கள் தேசிக்காய் பிழிந்த கையோடு அவளைத் தூக்கியிருப்பீர்கள். கழுத்தில் இருப்பது அவள் தன் கையாலே சொறிந்ததாக இருக்கலாம். அடித்த காயம் என்று டாக்டர்மாரே சந்தேகப்பட்ட சம்பவங்கள் வேறு நாடுகளில் உண்டு.

கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, பிள்ளையைப் பார்க்கவில்லை. அதனால் இப்படிச் செய்யுங்கள். தாய் தகப்பனோடு சேர்ந்து பிள்ளையைத் தோல் டாக்டரிடமோ கிளினிக்குக்கோ கொண்டுபோங்கள். போகும்போது "தேசிக்காய், பிறகு வெயில்" என்பதை நேரத்தோடு சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவர்களுக்கு நினைவு வராது. தகப்பன் சத்தம் போட்டதை மனதில் வைக்காதீர்கள். பிள்ளையின் உடம்பில் அடையாளம் கண்டு கேட்காத தகப்பனைவிடக் கேட்ட தகப்பன் நல்லவர். கேட்ட விதம் பிழை, அது வேறு கதை. அடையாளம் மறையக் கிழமைகள், சிலவேளை மாதங்கள் எடுக்கும். அதுவரை அந்த இடத்தைத் துணியால் மூடி வையுங்கள், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும்.

இனி வீட்டில் சட்டம் ஒன்று போடுங்கள்: தேசிக்காய் தொட்டவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் முற்றத்தில் இறங்கக் கூடாது, நீங்களும்தான். நோன்பு காலத்தில் சர்பத்துக்கு எவ்வளவு தேசிக்காய் பிழிகிறோம், யோசித்துப் பாருங்கள்.

நுளம்புக்கு க்ரீம் பூசுகிறோம், வெயிலுக்கும் க்ரீம். எது முதல்? (கல்முனை)

வெயில் க்ரீம் முதல், அது ஊறிய பிறகு மேலே நுளம்பு க்ரீம். இரண்டும் கலந்து ஒரே டியூபில் வருவதை வாங்க வேண்டாம். வெயில் க்ரீமை அடிக்கடி பூச வேண்டும், நுளம்பு மருந்தை அப்படிப் பூசக் கூடாது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே நீளக் கைச் சட்டை இங்கேயும் உதவும்.

கச்சான் காலத்தில் மத்தியானம் பிள்ளைகள் வாடிப்போய்ச் சுருண்டு கிடக்கிறார்கள். நித்திரையா, மயக்கமா என்று எப்படித் தெரியும்? எங்கள் வீடு தகரக் கூரை. (பொத்துவில்)

கொழும்பு வாசகர்களுக்கு ஒரு வரி: இந்தக் கச்சான் நான் பாசிக்குடாவில் உடைத்த கச்சான் கடலை அல்ல. வைகாசியிலிருந்து ஆவணி வரை மேற்கேயிருந்து வரும் காற்று. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து, கொதித்து நம் பக்கம் இறங்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துவாய் கொடியில் அரை மணியில் மொறுமொறுக்கும். பிள்ளையின் உடம்பிலிருந்தும் அதே வேகத்தில்தான் தண்ணீர் போகும். வியர்வை காய்ந்துவிடுவதால் வியர்த்ததே தெரியாது.

நித்திரை என்றால் தட்டி எழுப்பினால் கண் திறந்து உங்களைப் பார்க்கும், சிணுங்கும். ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தால் விழுங்கும். நித்திரைக்கு முன் சலம் போயிருக்கும். ஆறு மணித்தியாலமாகப் பம்பர்ஸ் காய்ந்து கிடந்தால், வாய் ஒட்டினால், அழுதால் கண்ணீர் வராவிட்டால் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது. ஆறு மாதத்துக்குக் கீழ் என்றால் தாய்ப்பால் மட்டும், கூடத் தடவை. பெரிய பிள்ளைக்குத் தண்ணீர், இளநீர், கஞ்சித்தண்ணி. வயிற்றோட்டமும் சேர்ந்திருந்தால் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல் தூள்). ஒரு பக்கெற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் முடியாததை ஊற்றிவிடுங்கள்.

உடம்பு நெருப்பாகக் கொதித்து, பிள்ளை உங்களை அடையாளம் தெரியாமல் முழித்தால், சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால் அது வெப்பத்தாக்கு. உடனே 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள், காசில்லை. அது வரும்வரை சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். அம்புலன்ஸ் வந்த பிறகு ஆஸ்பத்திரியில் குளிர்விக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரை மயக்கத்தில் உள்ள பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நெஞ்சுக்குள் போய்விடும். பனடோல் இதற்கு வேலை செய்யாது, இது காய்ச்சல் அல்ல.

தகரத்துக்கு: மேலே கிடுகு பரப்பிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பூசணிக் கொடியை ஏற்றிவிடுங்கள். மத்தியான நித்திரையை நிலத்தில் பாயில் போடுங்கள். ஏணையைத் தகரத்துக்குக் கிட்டே உயர்த்திக் கட்டினால் அங்கேதான் சூடு கூட. ஈரத் துணியால் ஏணையை மூடி வைப்பவர்கள், அதை எடுங்கள், காற்று உள்ளே போகட்டும். வளிமண்டலவியல் திணைக்களம் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கு வெப்ப எச்சரிக்கை விட்டால் அன்றைக்கு முற்றமே வேண்டாம். கடையில் பால்மா வாங்க ஐந்து நிமிடம் என்று பிள்ளையைப் பூட்டிய காருக்குள் விட்டுப் போவது எந்தக் காலத்திலும் கூடாது.

வெயிலில் விளையாடவிட்டால் பிள்ளை கறுத்துவிடும் என்று வெள்ளையாக்கும் க்ரீம் கொண்டுவந்து தருகிறார் ஒரு தாய். (ஏறாவூர்)

திருப்பிக் கொடுங்கள். அப்படியான க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தையும் நரம்பையும் பழுதாக்கும். பெரியவர்களுக்கே ஆகாததைப் பிள்ளைக்குப் பூசுவதா? தாய் கோபித்துப் பிள்ளையை வேறு இடத்தில் சேர்ப்பார் என்றால் சேர்க்கட்டும்.

மிஸ், நீங்கள் வெயிலுக்கு என்ன பூசுகிறீர்கள்? (பெயர் வேண்டாம்)

முப்பத்தொரு வருடம் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் வீடு வீடாகப் போனேன், ஒன்றும் பூசவில்லை. கிளினிக் கொப்பிகளைக் கூடையில் வைத்தால் குடை வைக்க இடம் இருக்காது, குடையை வீட்டில் விட்டுவிடுவேன். ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. மணிக்கூடு கட்டிய இடம் மட்டும் இன்னும் வேறு நிறமாக இருக்கிறது, மருமகள் பார்க்கிற பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்து "அன்ரிக்கு வெள்ளை வளையல்" என்கிறார்கள். இப்போது மீன் வாங்கப் போனாலும் குடைதான்.